சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி: செட்டிநாட்டில் புதிதாகத் தொடங்குவோருக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோனாபட்டு, ராயவரம் என்று எந்த ஊராக இருந்தாலும், வெளியூரில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வயதில் இந்த எண்ணம் வந்துவிடும்: ஊரில் படிக்கிற பிள்ளைகளுக்கு நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும். திருவிழாவுக்கு வந்து கூடும்போது பேச்சு எழும், நாலு பேர் தொகை சொல்வார்கள், வாட்ஸ்அப் குழு தொடங்கும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் பல முயற்சிகள் அப்படியே நின்றுபோகின்றன.

நாங்கள் சிலர் சேர்ந்து எங்கள் ஊருக்கு ஒரு கல்வி அறக்கட்டளை அமைத்தோம். பணம் சேர்ந்த வேகத்தில் காகித வேலை நகரவில்லை. ஓர் இடத்தில் கேட்ட தாள் இன்னோர் இடத்தில் செல்லவில்லை. ஒருவர் சொன்ன கட்டணத்துக்கும் அடுத்தவர் சொன்னதற்கும் பொருத்தமில்லை. முழு வரிசையையும் ஒரே இடத்தில் எழுதிவைத்த யாரும் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சில மாதங்கள் போய்விடும்.

1. பிள்ளைகளின் நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள்

பலரும் அறக்கட்டளைக்குப் பெயர் வைப்பதில் தொடங்குகிறார்கள். நீங்கள் தேதியில் தொடங்குங்கள். பிளஸ் டூ முடிவு மே மாதம் வரும். கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கை ஜூன் வாக்கில் முடிந்துவிடும். பொறியியல் கலந்தாய்வு ஜூலையில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாகப் போகும். ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்தால் சில நாட்களுக்குள் பணம் கட்டிச் சேர வேண்டும். அந்தச் சில நாட்களில்தான் ஒரு குடும்பம் நகையை அடகு வைப்பதும் வட்டிக்கு வாங்குவதும். உங்கள் உதவி ஆகஸ்ட் 15 விழா மேடைக்காகக் காத்திருந்தால், பிள்ளை படிக்கும், ஆனால் குடும்பம் கடனில் இருக்கும்.

ஆகவே கணக்கு இப்படி: மே முதல் வாரத்தில் வங்கியில் பணம் தயாராக இருக்க வேண்டும். ஏப்ரலில் விண்ணப்பம் வாங்கி முடிக்க வேண்டும். அப்படியானால் வங்கிக் கணக்கு ஜனவரியிலும், பத்திரப் பதிவு அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பரிலும் முடிந்திருக்க வேண்டும். இந்த ஆண்டு அந்தக் காலம் தாண்டிவிட்டது என்றால், முதல் ஆண்டுக்குக் கீழே 3-ஆம் படியில் சொல்லும் எளிய வழியில் கொடுங்கள். அறக்கட்டளை அடுத்த ஆண்டு வரட்டும். அவசரப்பட்டு எழுதிய பத்திரத்தைத் திருத்துவது புதிதாக எழுதுவதைவிடச் சிரமம்.

2. அரசு கொடுப்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இதைச் செய்யாவிட்டால், அரசே கட்டும் கட்டணத்துக்கு நீங்கள் பணம் கொடுப்பீர்கள். எதுவும் கிடைக்காத பிள்ளை அப்படியே விடுபடும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு; நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் (மத்திய அரசின் கல்வி உதவித் தொகைக்கான) தேர்வில் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும்.

செட்டிநாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நம் பகுதியில் கொடையாளர்கள் கட்டிய பள்ளிகள் பல இன்று அரசு உதவி பெறும் பள்ளிகள். அங்கே படிப்பவர்களும் ஏழைப் பிள்ளைகளே. ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளிக்கு மட்டும். உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித் தொகை உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவருக்குக் கிடைக்கும். ஆங்கில வழி என்றால் கிடைக்காது. ஒரே தெருவில், ஒரே வருமானமுள்ள இரண்டு வீடுகளில், ஒரு பிள்ளைக்கு இவை இரண்டும் கிடைக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இரண்டில் ஒன்றும் கிடைக்காது. உங்கள் பணம் முதலில் போக வேண்டியது அந்த இரண்டாவது வீட்டுக்கு என்பது என் உறுதியான கருத்து.

அரசு கட்டாத செலவுகளும் இருக்கின்றன. ஒரு தாய் எங்களிடம் சொன்னது: "ஃபீஸை எப்படியோ கட்டிட்டோம் தம்பி. மெஸ் அட்வான்ஸு, பெட்டி, பாய், புஸ்தகம், நாலு செட்டுத் துணி, போயிட்டு வர பஸ் காசு, இதுக்குத்தான் யார்கிட்ட கேக்கிறதுன்னு தெரியல." கல்லூரிக் கட்டணப் பட்டியலில் இதில் பாதி இருக்காது. விண்ணப்பத்தில் இந்தச் செலவுகளுக்குத் தனியாக ஒரு கட்டம் வையுங்கள்.

3. மூன்று வழிகளில் எது உங்களுக்கு?

முதல் வழி, நேரடியாகக் கொடுப்பது. ஒருவரோ இருவரோ ஆண்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பதாக இருந்தால் அறக்கட்டளையே வேண்டாம். கல்லூரியின் பெயருக்கு டிடி எடுத்தோ, கல்லூரிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பியோ கட்டிவிட்டு ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். வரிச் சலுகை கிடையாது, அலைச்சலும் கிடையாது.

இரண்டாவது வழி, ஏற்கெனவே இருக்கும் நிறுவனத்தின் மூலம் கொடுப்பது. நீங்கள் படித்த பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு தொகையை நிரந்தர வைப்பாக வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் உதவித் தொகை வழங்கச் சொல்லலாம். கேட்க வேண்டியவை: தனிக் கணக்காக வைப்பார்களா, யார் தேர்வு செய்வார்கள், ஆண்டுக்கு ஒரு முறை எழுத்தில் கணக்குத் தருவார்களா. இந்த மூன்றும் எழுத்தில் இல்லாமல் தொகையைக் கொடுக்க வேண்டாம். அரசுப் பள்ளிக்கு என்றால், 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது. இணையத்தில் பள்ளியின் தேவைப் பட்டியலைப் பார்த்துப் பணமாகவோ பொருளாகவோ தரலாம். தருவதற்கு முன் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் ஒரு முறை பேசிவிடுங்கள். கணினி நிறைய வந்து கழிப்பறைக்குத் தண்ணீர் வராத பள்ளிகள் இருக்கின்றன.

மூன்றாவது வழி சொந்த அறக்கட்டளை. பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து, பல ஆண்டுகள் நடத்துவதாக இருந்தால் இதுதான் சரி. சங்கமாகப் பதிவு செய்ய, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது 7 பேர் வேண்டும்; ஆண்டுதோறும் பொதுக்குழு, உறுப்பினர் பட்டியல் என்று தொடர் வேலை இருக்கும். ஊருக்கு ஆண்டில் இரண்டு முறை வருகிறவர்களுக்கு அறக்கட்டளையே வசதி. கீழே வரும் படிகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வழிக்கானவை.

4. பணம் வாங்கும் முன் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள்

நம் ஊர்களில் இதுதான் பெரிய பொறி. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள். "நம்ம அண்ணன்தானே, நம்ம ஊர்தானே" என்று பணத்தை வாங்கிவிடுகிறோம். சட்டம் ஊரைப் பார்க்காது, குடியுரிமையைப் பார்க்கும்.

வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் சிங்கப்பூர் குடியுரிமையோ அமெரிக்கக் குடியுரிமையோ பெற்றவர், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். அவர் ஊருக்கு வந்து இந்திய ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடையே. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது. மீறினால் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுள்ள குற்றம்.

எஃப்சிஆர்ஏ பதிவு புதிய அறக்கட்டளைக்கு உடனே கிடைக்காது. பொதுவாக 3 ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும், அந்த 3 ஆண்டுகளில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடைக்கான கணக்கையும் புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்க வேண்டும். எனவே முதல் சில ஆண்டுகளுக்கு, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள சொந்தங்களை எஃப்சிஆர்ஏ பதிவு வைத்திருக்கும் கல்வி நிறுவனம் ஒன்றுக்கு நேரடியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் மனம் நோகும் என்று தயங்க வேண்டாம். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் வங்கிக் கணக்கு எண்ணைப் பொதுவாகப் போட்டுவிடுவதும் இதனால்தான் ஆபத்து. யார் அனுப்பினார்கள் என்றே தெரியாமல் தொகை வந்து விழும். பெயர், முகவரி, பான், குடியுரிமை ஆகிய நான்கையும் ஒரு சிறு படிவத்தில் வாங்கிய பிறகே கணக்கு எண்ணைக் கொடுங்கள்.

5. பத்திரத்தில் என்ன எழுதுவது

பத்திர எழுத்தரிடம் ஆயத்த மாதிரி இருக்கும். பெயரை மட்டும் மாற்றிப் பதிவு செய்துவிடலாம் என்பார். அப்படிச் செய்ய வேண்டாம். பின்னால் வருமான வரித் துறை வரிவரியாகப் படிப்பது இந்தப் பத்திரத்தைத்தான்.

யாருக்கு உதவி என்ற பிரிவை மிகக் கவனமாக எழுதுங்கள். "எங்கள் நகரத்தார் பிள்ளைகளுக்கு மட்டும்" என்றோ வேறு ஒரு சாதிக்கு, ஒரு சமயத்தாருக்கு மட்டும் என்றோ எழுதினால், வருமான வரி விலக்கு கிடைக்காது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்காக என்றால் அந்தத் தடை இல்லை. ஊரை வரையறுக்கலாம்: "இன்ன ஊராட்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் வசிக்கும், அல்லது அங்குள்ள பள்ளிகளில் படித்த, பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர்கள், சாதி மத வேறுபாடின்றி" என்பது சரியான வாசகம். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஊர் என்றால் ஊரணிக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும் சேர்ந்ததுதான்.

கட்டாயம் இருக்க வேண்டிய மற்ற பிரிவுகள்: அறக்கட்டளை திரும்பப் பெற முடியாதது, வருமானமும் சொத்தும் நோக்கத்துக்கு மட்டுமே செலவாகும், அறங்காவலர்களுக்கு லாபம் எதுவும் போகாது, பணம் வருமான வரிச் சட்டம் அனுமதிக்கும் முதலீடுகளில் மட்டும் வைக்கப்படும், கலைக்க நேர்ந்தால் மீதி இதே நோக்கமுள்ள வேறொரு அறக்கட்டளைக்குப் போகும், கணக்காண்டு மார்ச் 31-இல் முடியும். இவற்றுடன் இரண்டு பிரிவுகளை நான் வலியுறுத்துவேன். ஒன்று, காணொலிக் கூட்டம் செல்லும் என்ற பிரிவு. இல்லாவிட்டால் சென்னையிலும் கோவையிலும் துபாயிலும் இருக்கும் அறங்காவலர்களை ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஊருக்கு வரவழைக்க வேண்டியிருக்கும். மற்றொன்று, ஓர் அறங்காவலர் இறந்தாலோ விலகினாலோ அடுத்தவரை எப்படிச் சேர்ப்பது என்பது. அவருடைய மகனுக்குத் தானாக வந்துவிடும் என்று எழுதினால் இரண்டு தலைமுறையில் அது குடும்பச் சொத்துபோல ஆகிவிடும்.

அறங்காவலர்கள் 3 அல்லது 5 பேர் போதும். எல்லாரும் பங்காளிகளாக இருக்க வேண்டாம். ஊரிலேயே குடியிருக்கும் இருவர் அவசியம். அதில் ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியராக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

பங்கு வீட்டை இதில் கொண்டுவராதீர்கள். பூர்வீக வீட்டை அறக்கட்டளைக்கு எழுதிவிடலாம் என்ற யோசனை எல்லாக் கூட்டத்திலும் வரும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை பத்து, பதினைந்து புள்ளிகளுக்கு (குடும்பங்களுக்கு) பங்குள்ள வீட்டில் ஒருவர் கையெழுத்து இல்லாவிட்டாலும் வேலை நடக்காது. அசையாச் சொத்து பத்திரத்தில் ஏறினால் முத்திரைத் தீர்வைக் கணக்கும் வேறாகிவிடும். தொடக்கத்தில் பணத்தை மட்டும் வைத்துப் பதிவு செய்யுங்கள்.

முகவரிக்கும் இது பொருந்தும். பதிவு அலுவலகமாகப் பூர்வீக வீட்டைக் காட்டினால் வீட்டு வரி ரசீதும் உரிமையாளரின் ஆட்சேபனையின்மைக் கடிதமும் கேட்பார்கள். வரி ரசீது இன்னும் ஐயாவின் ஐயா பெயரிலேயே இருக்கும். தனி ஒருவர் பெயரில் வரி ரசீதும் மின் கட்டண ரசீதும் உள்ள வீட்டை, அல்லது சிறு வாடகை அறையை முகவரியாக வைப்பது நல்லது.

பத்திரத்தைத் தமிழில் எழுதலாம். வரித் துறைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்துப் போட வேண்டி வரும் என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் தயார் செய்துகொள்ளுங்கள். பெயர் எழுத்துகள் ஆதார், பான், பத்திரம் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ராமநாதனா ராமனாதனா என்ற ஓர் எழுத்து வேறுபாட்டுக்காக வங்கியில் விண்ணப்பம் திரும்பி வருகிறது.

6. சார்பதிவாளர் அலுவலகத்தில்

டிஎன்ரெஜிநெட் என்னும் பதிவுத் துறைத் தளத்தில் விவரங்களை ஏற்றி, கட்டணம் கட்டி, நாள் குறித்துக்கொண்டு போகலாம். தேவை: பத்திரம், அறக்கட்டளையை நிறுவுபவரும் அறங்காவலர்களும் நேரில், அவர்களின் ஆதாரும் பானும் அசலாகவும் நகலாகவும், புகைப்படம், அடையாளச் சான்றுடன் இரண்டு சாட்சிகள், முகவரிச் சான்று.

முத்திரைத் தீர்வை தமிழ்நாட்டில் 2024-இல் பல ஆவணங்களுக்கு உயர்ந்தது. பழைய பத்திரத்தில் பார்த்த தொகையை நம்பித் தாள் வாங்க வேண்டாம். தளத்தில் அன்றைய தொகையைப் பாருங்கள். அரசுக் கட்டணம் பெரிய சுமை இல்லை. செலவு கூடுவது எழுத்துக் கூலியிலும் "மற்ற செலவு" என்று சொல்லப்படும் இனத்திலும்தான். எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே தாளில் எழுதி வாங்குங்கள், ரசீது இல்லாத தொகையைக் கொடுக்க வேண்டாம்.

கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்துவிட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அதிகாரப் பத்திரம் அனுப்பினால், இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்ப வேண்டும்; இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதைவிட, ஊரில் உள்ளவரை நிறுவுபவராக வைத்துத் தொடங்கிவிட்டு, வெளிநாட்டில் உள்ளவரைப் பிறகு தீர்மானம் போட்டு அறங்காவலராகச் சேர்ப்பது எளிது.

பதிவு முடிந்ததும் சான்றிட்ட நகல்கள் சில சேர்த்தே வாங்கிவிடுங்கள். எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

7. பான், வங்கி, வரி விலக்கு

அறக்கட்டளையின் பெயரில் தனி பான் அட்டை முதலில். அறங்காவலர் ஒருவரின் பானை வைத்து ஓட்டுவது கூடாது. வட்டி வருமானம் முழுதும் அவர் தலையில் விழும். பான் வந்ததும் வங்கிக் கணக்கு. பத்திர நகல், பான், கணக்குத் தொடங்கும் தீர்மானம், எல்லா அறங்காவலர்களின் கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்றுகள்) ஆகியவை வேண்டும். மூவரில் இருவர் கையெழுத்து என்று வையுங்கள், அந்த மூவரில் இருவர் ஊரில் இருப்பவராக இருக்கட்டும். சிறிய கிளைகளில் அறக்கட்டளைக் கணக்கு அடிக்கடி தொடங்க மாட்டார்கள். மேலிடத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வாரக் கணக்கில் ஆகலாம்.

அடுத்தது எல்லாரும் "12ஏ, 80ஜி" என்று சொல்லும் இரண்டு பதிவுகள். முதலாவது அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரி விலக்கு, இரண்டாவது நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. பேச்சில் பழைய எண்களே இருக்கின்றன, நானும் அவற்றையே சொல்கிறேன். தாக்கல் செய்யும் நாளில் படிவ எண்ணைத் தளத்தில் சரிபாருங்கள்.

புதிய அறக்கட்டளைக்கு முதலில் 3 ஆண்டுக்கான தற்காலிகப் பதிவு கிடைக்கும். விண்ணப்பம் இணையத்தில்தான், அரசுக் கட்டணம் இல்லை. சான்று பெரும்பாலும் ஒரு மாத அளவில் வந்துவிடும். பொறி இதற்குப் பிறகுதான். வேலை தொடங்கியதிலிருந்து 6 மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய 6 மாதம் இருக்கும்போது, இவற்றில் எது முந்துகிறதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் மாணவருக்கு நீங்கள் பணம் கொடுத்த நாளே வேலை தொடங்கிய நாள். மூன்று ஆண்டு இருக்கிறதே என்று இருந்துவிட்டால் கெடு போய்விடும். முதல் உதவி கொடுத்த அன்றே நாட்காட்டியில் அந்தக் கெடுவைக் குறித்துவிடுங்கள். முறையான பதிவின்போது அதிகாரி கணக்கு, ரசீது, பயனாளி பட்டியல் எல்லாம் கேட்பார். 9-ஆம் படியில் சொல்லும் கோப்பு இருந்தால் ஒரே நாளில் பதில் அனுப்பலாம்.

ஆடிட்டர் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்பதை ஏற்காமல் பான், தற்காலிகப் பதிவு, முறையான பதிவு, ஆண்டுத் தணிக்கை, வரித் தாக்கல் என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள். அறக்கட்டளை வேலை பார்த்துப் பழகியவராகத் தேடுங்கள். கடைக் கணக்கு மட்டும் பார்ப்பவர் திறமையானவராக இருந்தாலும் இது வேறு துறை.

நன்கொடையாளர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி சலுகை இல்லை, புதிய வரி முறையில் இருப்பவருக்கும் இல்லை. பின்னால் ஏமாற்றம் வேண்டாம்.

8. எவ்வளவு பணம் வேண்டும்

ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய், ஆண்டுக்கு 5 பேர் என்று தொடங்குகிறீர்கள். முதல் ஆண்டு 1 லட்சம் ஆகிறது, பார்க்கச் சுலபமாக இருக்கிறது. படிப்பு மூன்று ஆண்டு. இரண்டாம் ஆண்டு 10 பேர், மூன்றாம் ஆண்டு 15 பேர். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் 3 லட்சம். அதை வட்டியிலிருந்து மட்டும் கொடுக்க வேண்டுமென்றால், வங்கி 6.5 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொண்டாலும் 46 லட்சத்துக்கு மேல் மூலதனம் வேண்டும். பொறியியல் என்றால் நான்கு ஆண்டு, இன்னும் கூடும்.

எங்கள் முடிவு: பாதி வட்டி, பாதி ஆண்டுச் சந்தா. நம்மிடம் மகமை என்று பழைய வழக்கம் இருக்கிறதே, வியாபாரத்தில் வந்ததில் ஒரு பங்கைத் தருமத்துக்கு ஒதுக்குவது. அதே முறையில் ஒவ்வொருவரும் ஏப்ரலில் ஒரு தொகை தருகிறார்கள். பெரிய தொகையை ஒரு முறை கேட்பதைவிட இது நிலைக்கிறது. எத்தனை பேரை மூன்று ஆண்டும் தாங்க முடியுமோ அத்தனை பேரை மட்டும் எடுங்கள். நடுவில் கைவிடுவது, ஆரம்பத்திலேயே இல்லை என்று சொல்வதைவிடக் கொடுமை.

மூலதனத்துக்காகத் தருபவர் அதை எழுத்தில் தர வேண்டும். இல்லாவிட்டால் அது சாதாரண வருமானமாகக் கணக்காகும். ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்ற விதிக்குள் வந்துவிடும். அறப் பணத்தைத் தெரிந்த கடையில் வட்டிக்குப் போட்டுவைப்பது நம் பெரியவர்களுக்குப் பழக்கமான முறை. இன்றைய சட்டத்தில் அது செல்லாது. அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ அவர்கள் கடைக்கோ கடன் கொடுத்தால் வரி விலக்கில் சிக்கல் வரும். அட்டவணை வங்கி (ரிசர்வ் வங்கியின் பட்டியலில் உள்ள வங்கி) வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

9. விண்ணப்பம், தேர்வு, தாள்கள்

மாணவரிடம் கேட்க வேண்டியவை (ஏப்ரலில் கையில் இல்லாத மதிப்பெண் பட்டியல், சேர்க்கை ஆணை, கட்டண விவரம் ஆகியவற்றை வந்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்): மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை நகல், சேர்க்கை ஆணை அல்லது படிப்புச் சான்று, கல்லூரியின் கட்டண விவரம், மாணவர் பெயரில் உள்ள வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பள்ளித் தலைமையாசிரியர் கடிதம். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். மே, ஜூனில் எல்லாரும் விண்ணப்பிப்பதால் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் குவிந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சிலேயே எடுத்துவைக்கும்படி பள்ளியில் சொல்லிவிடுங்கள். இதற்கு மேல் தாள் கேட்காதீர்கள். கூலி வேலைக்குப் போகும் ஒருவர் ஒரு தாளுக்காக அலைவது என்றால் அவருக்கு அன்றைய கூலி போகிறது.

தாளில் எல்லாம் தெரியாது, ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த பெரிய வீட்டு முகவரியைப் பார்த்து ஒரு விண்ணப்பத்தை ஒதுக்கும் நிலைக்குப் போனோம். நேரில் போனபோது, அந்தப் பிள்ளையின் அப்பா அந்த வீட்டைக் காவல் பார்ப்பவர் என்று தெரிந்தது. பின்கட்டில் ஓர் அறையில் நான்கு பேர் இருந்தார்கள்.

மதிப்பெண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்த வேண்டாம் என்பேன். 560 எடுத்த பிள்ளைக்கு உதவ பல பேர் வருவார்கள். 380 எடுத்து ஐடிஐ அல்லது பாலிடெக்னிக் போக நினைக்கும் பிள்ளைக்கு யாரும் இல்லை. தொடர்ந்து உதவுவதற்கும் தேர்ச்சியை மட்டும் பாருங்கள். ஓர் அரியர் விழுந்ததும் உதவியை நிறுத்தினால் அந்தப் பிள்ளை படிப்பையே நிறுத்திவிடலாம்.

அறங்காவலர் வீட்டுப் பிள்ளைக்கும் நெருங்கிய உறவுக்கும் உதவி கிடையாது என்று தீர்மானமாகவே போட்டுவிடுங்கள். ஆதார் நகலையும் வருமான விவரத்தையும் வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள், இருவர் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். பிள்ளையின் படத்தை ஃப்ளெக்ஸில் போடாதீர்கள். உதவி வாங்கியது தெரு முழுக்கத் தெரிய வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் நினைப்பதில்லை.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கோப்பு: விண்ணப்பம், தேர்வுக் குழுத் தீர்மானம், பணம் அனுப்பிய வங்கிச் சான்று, கல்லூரி ரசீது, பருவத் தேர்வு முடிவு.

10. பணம் கொடுக்கும்போது

கல்விக் கட்டணம் கல்லூரிக் கணக்குக்கு; மெஸ், புத்தகம், பயணம் மாணவர் கணக்குக்கு. ரொக்கம் வேண்டாம். கலந்தாய்வில் அடுத்த சுற்றில் வேறு கல்லூரிக்கு மாறினால், கட்டிய பணம் மாணவருக்குத் திரும்பி வரும். அந்தத் தொகையைப் புதிய கல்லூரியில் கட்டி ரசீது தர வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே ஒரு வரி கையெழுத்து வாங்குங்கள். இரண்டு தவணையாகக் கொடுப்பது நல்லது: சேரும்போது ஒன்று, இரண்டாம் பருவம் தொடங்கும்போது ஒன்று.

11. ஆண்டுதோறும் தவறக் கூடாத தேதிகள்

மார்ச் 31-க்குள் 85 சதவீதச் செலவுக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்; பிப்ரவரியிலேயே பார்த்துவிட்டால் இரண்டாம் தவணையை அதற்கேற்பக் கொடுக்கலாம். மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலை வரித் துறைத் தளத்தில் ஏற்றி, அங்கிருந்து வரும் சான்றை ஒவ்வொருவருக்கும் அனுப்ப வேண்டும். இது தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். சான்று இல்லாமல் நன்கொடையாளருக்கும் சலுகை கிடைக்காது. பான் எண் தவறாக இருந்தால் திருத்தவே நாள் பிடிக்கும், ஆகவே நன்கொடை வாங்கும்போதே சரிபாருங்கள். தணிக்கை தேவைப்படும் அளவுக்கு வருமானம் இருந்தால் செப்டம்பர் 30-க்குள் தணிக்கை அறிக்கை, அக்டோபர் 31-க்குள் ஐடிஆர்-7 (அறக்கட்டளைக்கான வருமான வரிக் கணக்குப் படிவம்). அரசு சில ஆண்டுகளில் தேதியைத் தள்ளிவைக்கும், அதை நம்பி இருக்க வேண்டாம்.

மே மாதம் வேலை மொத்தமாகக் கூடும்: ஒரு பக்கம் நன்கொடையாளர் பட்டியல், ஒரு பக்கம் பிளஸ் டூ முடிவு. இரண்டையும் ஒருவரிடம் விடாதீர்கள். கணக்கு ஒருவர், மாணவர் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தளத்தின் கடவுச்சொல்லும் ஓடிபி வரும் கைபேசி எண்ணும் ஆடிட்டர் அலுவலகத்தில் மட்டும் இருக்கக் கூடாது. அறங்காவலர் ஒருவரின் எண்ணும் மின்னஞ்சலும் பதிவில் இருக்க வேண்டும். அசல் பத்திரம் வங்கி லாக்கரில், சான்றிட்ட நகல் ஒன்று ஊரில் இருக்கும் அறங்காவலரிடம், ஸ்கேன் செய்த பிரதி எல்லா அறங்காவலர்களிடமும் இருக்கட்டும்.